சோதனை அறிக்கையில் எழுதாதது

மைசூர்பா டப்பாவில் வந்து சேர்ந்தது.
பஞ்சை விலக்கினால்
விரல் நீளத்தில் ஒரு தகடு,
உள்ளே கூடு, வெளியே கருநீலம்.
"ஜெட் எஞ்சின் பிளேடுங்க. ஜெர்மன்காரன்
நாப்பத்தஞ்சுல பண்ணினது"
என்றார் பம்புசெட் அவிநாசியப்பன்.
ஏலத்தில் எடுத்தாராம்.
"என்ன உலோகம்னு மட்டும் சொல்லுங்.
அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு
நம்ம பட்டறையில பண்ணிப் பாக்கோணும்."

கணபதியில் மூன்றாவது வீதி.
இந்தப்பக்கம் கிரைண்டிங், அந்தப்பக்கம் முலாம்,
நடுவில் எங்கள் ஆய்வகம்.
போர் என்றால் இங்கே ஆழ்துளைக் கிணறு.
ஆயிரம் அடி இறங்கி
பத்து வருசம் மேலே வராமல்
தண்ணீர் தள்ள வேண்டிய
இம்பெல்லரும் ஷாஃப்ட்டும் புஷ்ஷும்தான்
என் மேசைக்கு வரும்,
உத்தரவாதச் சீட்டு சகிதம்.

இதற்கு ஆயுள் இருபத்தைந்து மணி நேரம்.
அதுவும் ஓட்டுகிறவன் கை பதமாக இருந்தால்.
திங்கள் காலை ஓடத் தொடங்கினால்
செவ்வாய் காலை டீயோடு முடிந்தது.

தீப்பொறி வைத்தேன்.
திரையில் எண்கள் இறங்கின.
குரோமியம் பன்னிரண்டு.
மாங்கனீசு பதினெட்டு.
மிச்சமெல்லாம் இரும்பு.
நிக்கலின் கட்டத்தில்
ஒன்றுமில்லை.

உப்பு தீர்ந்த வீட்டில்
புளியைக் கூடக் கரைத்த மாதிரி
மாங்கனீசைக் கொட்டியிருக்கிறார்கள்.
உக்கடம் பழைய இரும்புக்கடையில்
மூட்டையாகக் கிடக்கும் சாமான்
ஒரு தேசத்துக்கே கிடைக்கவில்லை.
நெருப்பு நிற்கிற அறைக்குச் சாதா எஃகு,
மேலே அலுமினியப் பூச்சு.
எரிபொருள், நிலக்கரியைப் பிழிந்தது.
கிளப்பிவிட மூக்குக்குள் ஒரு குட்டி எஞ்சின்,
அதைக் கிளப்ப ஒரு கயிறு.

"கயிறா! எங்க தோட்டத்து
மருந்தடிக்கிற மிசினாட்டம்!"
அவிநாசியப்பனுக்குச் சிரிப்பு தாளவில்லை.
தூரத்துப் பங்காளியைக் கண்ட சந்தோஷம்.
இல்லாததை வைத்து ஓட்டிக்காட்டுவது
எங்கள் ஊருக்கும் தெரியும்.
நானும் சிரித்தேன்.
அப்புறம் வெட்டினேன்.

பேக்கலைட்டில் பதித்து,
உப்புத்தாளில் தேய்த்து, அமிலம் காட்டி,
லென்சுக்கு அடியில் வைத்தேன்.
ஒரே தகட்டை மடித்து
விளிம்பில் பற்றவைத்திருக்கிறார்கள்.
வெளித்தையல் பளபள.
உள்ளே மூன்று மில்லிமீட்டர்
ஒட்டவே இல்லை.
எந்த அதிகாரியின் விரலும்
எட்டாத இடம்.

அந்தக் கடைசி வருசம்
அங்கே பட்டறைகளில் நின்றவர்களில் பலர்
கூலிக்கு வந்தவர்கள் இல்லை என்று
படித்திருக்கிறேன்.
முள்வேலிக்குள்ளிருந்து ஓட்டி வரப்பட்டவர்கள்.
பேருக்குப் பதில் எண்.
வயிற்றில் கிழங்கு அலசிய தண்ணீர்.

கை நடுங்கியதா.
நடுங்குகிற கையென்று பேர் வாங்கிக்கொண்டு
ஒரு நொடி முன்னாடியே
முனையைத் தூக்கிக்கொண்டதா.

சூலூரிலிருந்து எழும்பிய விமானமொன்று
கூரைத் தகரத்தை உலுக்கிப் போனது.
லென்சில் படம் கலங்கிற்று.
திருகைத் திருப்பி மறுபடி பார்த்தேன்.
பிளவு அங்கேயேதான் இருந்தது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே,
தொழிலாளி தவறுன்னு போட்றட்டுங்களாக்கா?"
டைப் அடிக்கிற ஹேமலதா.
எங்கள் படிவத்தில் மூன்றே வழி:
பொருள் குறை, தொழிலாளி தவறு, பிற.
போடாதே என்றேன்.
பிறவும் போடாதே.

"நிக்கல் சேத்தி, எக்ஸ்ரே புடிச்சு,
அந்தச் சந்து இல்லாம
சுத்தமாப் பண்ணிப்போடலாமுங்" என்கிறார் அவர்.
பண்ணலாம்.
அச்சு அசலாக என்று கேட்டிருந்தாரே,
அதை ஞாபகப்படுத்த வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய், வரி தனி.
பில்லை மடித்துப் பையில் வைத்தவர்
டப்பாவை மறந்து போய்விட்டார்.

பாதித் தகடு இன்னும் அதற்குள் இருக்கிறது.
இரண்டு நாளாக எறும்பு வருகிறது,
நெய் வாசத்துக்கு.
தகட்டின் கூட்டுக்குள் நுழைந்து
அந்த மூன்று மில்லிமீட்டர் வழியாக
வெளியே வருகிறது.